பதினொன்றுக்கு இரண்டு

கேள்வி: எனக்கு 56 வயது. பள்ளியில் கணக்கு சொல்லித்தருகிறேன். கோடை விடுமுறையில் படிப்பதற்கென்று 11 புத்தகங்களை எடுத்து வைத்திருந்தேன். எல்லாம் பலரும் பாராட்டியவை, பரிசு வாங்கியவை. முழுதாக முடித்தது இரண்டுதான்: ஒரு கலங்கரை விளக்கக் காவலரின் நினைவுக் குறிப்புகள், ஒரு மலைப் பயண நூல். மற்றவற்றில் ஆறைத் தொடங்கி நிறுத்திவிட்டேன், மூன்றைத் திறக்கவே இல்லை. நடுவில், 17 வயதில் முதல்முறை படித்த ஒரு நாவலை ஐந்தாவது தடவையாகப் படித்தேன். அதன் கதை எனக்கு எப்போதும் பாதி மறந்துபோகும். அதில் வரும் பழைய வீட்டின் மாடிப்படியும் மழை நாளில் அங்கே எழும் வாசனையும் மட்டும் மறப்பதில்லை. அப்புறம், தங்கப்போன வீட்டில் கிடந்த துப்பறியும் கதைகள் நான்கு. செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும்போது காதில் ஒரு ஒலிநூல். என் மகள் செயலியில் எண்ணிக்கை வைத்துக்கொண்டு வருடத்துக்கு 40 புத்தகம் படிப்பவள். "படித்ததையே படிப்பதெல்லாம் வாசிப்பாம்மா?" என்கிறாள். அடுத்த வாரம் எங்கள் வாசிப்புக் குழுவில் கோடையில் படித்ததையும், மிகப் பிடித்த புத்தகத்தையும் பற்றி ஒவ்வொருவரும் பேச வேண்டும். பட்டியலில் உள்ளதைப் படித்ததாகச் சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. இன்னொரு சங்கடம். இந்த முறை அந்த நாவலின் நாயகனை எனக்குப் பிடிக்கவில்லை. 17 வயதில் பென்சிலால் கோடிட்ட வரிகளை ஏன் கோடிட்டேன் என்றும் புரியவில்லை. எனக்கு மிகப் பிடித்த புத்தகம் கைவிட்டுப் போய்விட்டதா?

நூலகர் பதில்:

முதலில் கூட்டலைச் சரிபார்த்துவிடுவோம், டீச்சர். பட்டியலில் முடித்தது இரண்டு, பழைய நாவல் ஒன்று, துப்பறியும் கதை நான்கு, காதில் கேட்டது ஒன்று. ஆக எட்டு. எட்டுப் புத்தகம் படித்துவிட்டு இரண்டு என்று எழுதி வருத்தப்பட்டிருக்கிறீர்கள். ஒரு மாணவி விடைத்தாளில் இப்படிக் கூட்டியிருந்தால் சிவப்புப் பேனாவை எடுத்திருப்பீர்கள். ஒலிநூலைச் சேர்க்கலாமா என்று தயங்க வேண்டாம், சேர்க்கலாம். ஒருவர் முழுப் புத்தகத்தையும் உங்களுக்குப் படித்துக் காட்டினார், நீங்கள் கேட்டீர்கள். அதற்கு மேல் அதில் விசாரிக்க ஒன்றுமில்லை.

முப்பது வருடமாகப் புத்தகம் கொடுத்து வாங்குகிற வேலையில் இருக்கிறேன். விடுமுறைக்குப் போன புத்தகங்கள் திரும்பி வரும் வாரம் எனக்கு நன்றாகவே பழக்கம். கனமான நாவல்கள் முப்பதாம் பக்கத்துக்கும் அறுபதாம் பக்கத்துக்கும் நடுவே எதையாவது செருகிக்கொண்டு வந்து சேரும். பயணச் சீட்டு, மருந்துச் சீட்டு, ஒருமுறை ஒரு சீப்பு. அதற்கு அப்புறம் உள்ள பக்கங்கள் அச்சகத்திலிருந்து வந்த மாதிரியே இருக்கும். திருப்பித் தருகிறவர் வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த பிள்ளை மாதிரி என் முகத்தைப் பார்க்காமல் நிற்பார். அபராதம் எதுவும் இல்லையே என்றாலும் அந்த முகம் மாறாது. உங்கள் ஒன்பதும் அந்த ஊர்வலத்தைச் சேர்ந்தவைதான்.

விடுமுறைப் பட்டியலை நாம் எழுதுவது விடுமுறைக்கு முன்னால் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் ஒருவர், ஓய்வு மட்டும் கிடைத்தால் எதையெல்லாம் முடித்துவிடலாம் என்று ஆசைப்பட்டு அதை எழுதுகிறார். படிக்க வேண்டியவரோ விடுமுறையின் முதல் மத்தியானம் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியவர். இவர் வாங்கிய கடனை அவர் அடைக்க வேண்டும் என்றால் எப்படி? போதாததற்கு விடுமுறை நாட்கள் துண்டு துண்டானவை. பயணம், விருந்தாளி, தள்ளிப்போட்டிருந்த வீட்டு வேலை. பெரிய நாவல் எதுவும் தன் விலையை முதல் அறுபது எழுபது பக்கங்களிலேயே வசூலித்துவிடும். யார் யாருக்கு மகன், எந்த ஊர், யார் மேல் யாருக்குப் பழைய கோபம் என்பதையெல்லாம் அங்கேதான் மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டும். அதை அரை மணி அரை மணியாக, நடுவில் மூன்று நாள் விட்டுப் படித்தால் ஒவ்வொரு முறையும் இருபது பக்கம் பின்னால் போக வேண்டியிருக்கும். இரண்டு முறை பின்னால் போனதும் பயணச் சீட்டைச் செருகி மூடிவிடுவோம். பெரிய புத்தகத்தைத் தொடங்குவதற்கு மட்டுமாவது யாரும் கூப்பிடாத இரண்டு மணி நேரம் வேண்டும். தொடங்கிவிட்டால் அப்புறம் அது துண்டு நேரத்திலும் ஓடும். இன்னொன்று, பெயர்களை ஒரு தாளில் எழுதி அட்டைக்குள் வைத்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நானும் அப்படித்தான் செய்கிறேன்.

உங்கள் பழைய நாவலுக்கு இந்த நுழைவுச் செலவே கிடையாது. மாடிப்படி எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். வீட்டைக் கட்டி எழுப்பும் வேலை மிச்சமாவதால் மனதுக்குச் சுற்றிப் பார்க்க நேரம் கிடைக்கிறது. களைத்த நாட்களில் நாம் பழைய புத்தகத்தைத் தேடிப்போவதற்கு இது ஒரு நல்ல காரணம். உங்கள் மகள் இதைத் தப்பித்தல் என்று நினைக்கலாம். ஆனால் நாயகனைப் பற்றி நான்கு முறை படித்தபோது தெரியாதது ஐந்தாவது முறை உங்களுக்குத் தெரிந்திருக்கிறதே, தப்பி ஓடுகிறவர் கண்ணில் அப்படி எதுவும் படுமா?

திரும்பப் படிப்பதைக் குறைவாக நினைப்பது சமீபத்திய பழக்கம் என்றே எனக்குத் தோன்றுகிறது. வள்ளுவர் நட்பைச் சொல்லவந்த 783ஆவது குறளில், நல்லவர்களோடு பழகப் பழக வரும் இன்பத்துக்கு, படிக்கப் படிக்க நயம் தரும் நூலை உவமையாகக் காட்டுகிறார். உவமை கேட்பவருக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றாக இருந்தால்தான் எடுபடும். அப்படியானால் ஒரே நூலை மறுபடி மறுபடி படிக்கும் சுகம் அவர் காலத்தவர்களுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லாத சங்கதி. விளக்கம் தேவைப்பட்டது நட்புக்குத்தான்.

துப்பறியும் கதைகளைக் கடிதத்தில் கொஞ்சம் குரல் தாழ்த்திச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அந்தக் குரல் தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மதிய இடைவேளையில் துப்பறியும் நாவலுக்குச் செய்தித்தாளில் அட்டை போட்டுப் படித்தவன் நான். நூலகர் கையில் இதுவா என்று யாரும் நினைத்துவிடக் கூடாதாம். ரயில் நிலையத்தில் படிக்க ஒன்றும் கிடைக்காமல் ஆலன் லேன் என்ற பதிப்பாளர் வெறுங்கையோடு நின்றதிலிருந்துதான் பெங்குவின் மலிவுப் பதிப்புகள் பிறந்தன என்று ஒரு கதை சொல்வார்கள். 1935 ஜூலையில் வெளிவந்த அதன் முதல் பத்து நூல்களில் ஹெமிங்வேயின் போர் நாவலும் இருந்தது, அகதா கிறிஸ்டியின் துப்பறியும் நாவலும் இருந்தது. இரண்டுக்கும் ஒரே அளவு, ஒரே விலை. முன்னதற்கு ஆரஞ்சு அட்டை, பின்னதற்குப் பச்சை. வித்தியாசம் அவ்வளவுதான். நான்கு துப்பறியும் கதைகளையும் கடைசிப் பக்கம் வரை படித்திருக்கிறீர்கள் என்பதை மறக்காதீர்கள். கவனம் சிதறிவிட்டது, வயதாகிவிட்டது என்ற பயம் எதுவும் இருந்தால் அதற்கு இந்த நான்கும் பதில்.

சரி, தொடங்கி நிறுத்திய ஆறுக்கு வருவோம். இதற்கு உங்களுக்குப் பிடித்தமான ஒரு கணக்கு இருக்கிறது. சியாட்டில் நகர நூலகத்தில் பணியாற்றிய நான்சி பேர்ல் என்ற நூலகர் சொன்ன வழி அது. ஒரு புத்தகத்துக்கு ஐம்பது பக்கம் கொடுங்கள், பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் நூறிலிருந்து தங்கள் வயதைக் கழித்து வரும் எண்ணிக்கையில் பக்கங்களைப் படித்தால் போதும். வயது ஏற ஏறப் பொறுமைக்கான கெடு குறைகிறது. நூறு வயதானால் மிச்சம் பூஜ்யம். அப்போது அட்டையைப் பார்த்தே முடிவு செய்யும் உரிமை வந்துவிடும் என்பது அவருடைய வேடிக்கை. உங்களுக்கு 44 பக்கம். ஆறு புத்தகங்களிலும் எங்கே நிறுத்தினீர்கள் என்று பாருங்கள். 44ஐத் தாண்டியும் மனம் ஒட்டாதவற்றை எந்த உறுத்தலும் இல்லாமல் விட்டுவிடலாம். பத்துப் பதினைந்து பக்கத்திலேயே விருந்தாளி வந்து நின்றுபோனவை இருந்தால், அவற்றுக்கு மட்டும் இன்னொரு வாய்ப்புக் கொடுங்கள். விதியை இரும்பாகப் பிடித்துக்கொள்ளவும் வேண்டாம். நாற்பதாம் பக்கம் வரை சோர்வாகப் போய், எண்பதில் என்னைத் தூங்கவிடாமல் செய்த புத்தகங்கள் இரண்டு மூன்று உண்டு. அவை நான் மதிக்கும் ஒருவர் "கொஞ்சம் பொறு" என்று சொல்லிக் கொடுத்தவை. அப்படி யாராவது சொன்னால் மட்டும் கெடுவை நீட்டுங்கள்.

ஆனால் ஆறு ஏன் நின்றன என்பதுதான் உங்கள் கடிதத்தில் எனக்குச் சுவாரசியமான கேள்வி. விடையை நீங்களே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள், கவனித்தீர்களா? நூலகத்துக்கு வருகிறவர் "நல்ல புத்தகமாக ஒன்று கொடுங்கள்" என்பார். நாங்கள் உடனே அலமாரிப் பக்கம் போய்விடக் கூடாது. "உங்களுக்குப் பிடித்த ஒரு புத்தகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்களேன்" என்று கேட்க வேண்டும். அவர் என்ன சொல்கிறார் என்பதைவிட, எதில் தொடங்குகிறார் என்பதில் காதை வைக்க வேண்டும். "ஒருத்தன் கொலைப் பழியிலிருந்து தப்பிக்கிறான்" என்று தொடங்குகிறவர் கதை வழியாக உள்ளே போகிறவர். "அந்த அத்தை இருக்கிறாளே, அவள் மாதிரி ஒரு பொம்பளை" என்று தொடங்குகிறவர் மனிதர்கள் வழியாக. சிலர் ஒரு வரியை அப்படியே ஒப்பிப்பார்கள், அவர்களுக்கு மொழிதான் வாசல். சிலர் ஓர் ஊரையோ வீட்டையோ கடலையோ சொல்வார்கள். கதை, கதைமாந்தர், களம், மொழி என்ற இந்த நான்கு வாசல்களைப் பற்றியும் நான்சி பேர்ல்தான் பேசியிருக்கிறார். எல்லாப் புத்தகத்திலும் நான்கும் இருக்கும், ஒன்று மட்டும் அகலமாகத் திறந்திருக்கும்.

நீங்கள் எதில் தொடங்கினீர்கள்? கதை பாதி மறந்துவிடும், மாடிப்படி மறக்காது என்றீர்கள். 11 புத்தகங்களில் முடித்த இரண்டு எவை? ஒன்று கலங்கரை விளக்கத்தில் வாழ்ந்தவர் எழுதியது, இன்னொன்று மலையில் நடந்தவர் எழுதியது. மூன்றிலும் ஓர் இடம்தான் மையம். நீங்கள் களத்தின் வழியாகப் புத்தகத்துக்குள் போகிற வாசகி, டீச்சர். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பரிசு வாங்கிய அந்த ஆறையும் நான் பார்த்ததில்லை, ஆனால் பந்தயமே கட்டுவேன்: வேகமான கதைக்காகவோ, புதுமையான மொழிக்காகவோ, சிக்கலான மனிதர்களுக்காகவோ யாரோ ஒருவர் கொண்டாடிய புத்தகங்களாகத்தான் அவை இருக்கும். கொண்டாடியது பொய்யில்லை, அவர் வேறு வாசலில் நின்று கைதட்டியிருக்கிறார். நீங்கள் உங்கள் வாசலைத் தட்டினீர்கள், திறக்கவில்லை.

அதனால் திறக்காத மூன்றையும் ஒரு சாயங்காலம் எடுத்து, ஒவ்வொன்றிலும் முதல் மூன்று பக்கங்களை மட்டும் படியுங்கள். மூடிய பிறகு கண்ணுக்குள் ஓர் இடம் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்பதை வைத்துக்கொள்ளலாம், மற்றது வேறு கைக்குப் போகட்டும். எங்கள் துறைக்கு அடிப்படை போட்ட எஸ். ஆர். ரங்கநாதன் உங்களைப் போலவே கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர். 1931ல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்கிறது. மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். இரண்டாவது விதியை வாசகர்கள் நன்றாகவே பிடித்துக்கொள்கிறார்கள், மூன்றாவதைத்தான் மறந்துவிடுகிறார்கள். உங்கள் அலமாரியில் தூங்கும் புத்தகம் வேறு யாருக்கோ காத்திருக்கிறது. அதை நாங்கள் எண்ணிப் பார்ப்பதும் உண்டு. வெகுநாளாக யாரும் எடுக்காத புத்தகத்தைக் கண்ணில் படும்படி முன்வரிசைக்கு நகர்த்தி வைப்பது எங்கள் வேலைகளில் ஒன்று. நீங்களும் அப்படி நகர்த்தி வையுங்கள்.

அடுத்த முறை நூலகத்துக்கோ கடைக்கோ போகும்போது பரிசுகளைக் கேட்காதீர்கள். ஒரு தீவில், ஒரு பழைய கட்டடத்தில், ஒரு கிராமத்தில் கதை முழுவதும் நடக்கும் புத்தகம் இருக்கிறதா என்று கேளுங்கள். நாட்குறிப்பு, நினைவுக் குறிப்பு, பயண நூல் வரிசைகளில் நேரம் செலவழியுங்கள். நல்ல நூலகர் அந்தக் கேள்வியைக் கேட்டால் முகம் மலர்ந்துவிடுவார். "நல்ல புத்தகம்" என்ற கேள்வியைவிட இதற்குப் பதில் சொல்வது அவருக்கு எவ்வளவோ சுலபம்.

நாயகன் விஷயம். 17 வயதில் நீங்கள் அவனோடு அந்த வீட்டுக்குள் போனீர்கள். யாரையாவது பின்தொடர்ந்துதான் அந்த வயதில் எந்த வீட்டுக்குள்ளும் போக முடியும். இப்போது உங்களுக்கு வழி தெரியும், அவன் துணை தேவையில்லை. தேவை தீர்ந்ததும் குறைகள் தெரிகின்றன. எனக்கும் இப்படி ஒன்று நடந்தது. இளம் வயதில் நான் வியந்த ஒரு கதாபாத்திரம், போன வருடம் படித்தபோது வீட்டில் இருக்கும் அத்தனை பேரின் உழைப்பையும் உட்கார்ந்து தின்றுகொண்டு தத்துவம் பேசுவது தெரிந்தது. இரண்டு நாள் மனசே சரியில்லை. அப்புறம் கவனித்தால், அதே பக்கங்களில் சமையலறைப் பக்கமிருந்து நான்கே வரி பேசும் ஓர் அக்கா இருக்கிறாள். அவள் பேசும் நான்கு வரிக்கும் எழுத்தாளர் எவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார் என்பது முன்பெல்லாம் என் கண்ணில் படவே இல்லை. உங்கள் நாவலில் நாயகன் காலி செய்த இடத்தில் யார் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தீர்களா? யாரும் இல்லை, மாடிப்படி மட்டும்தான் என்றாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. யாருமே வரவில்லை, மாடிப்படியும் மங்கிவிட்டது என்றால்தான் அது போய்விட்டது என்று அர்த்தம். அப்படியும் நடக்கும். உங்கள் கடிதத்தைப் படித்தால் அப்படித் தெரியவில்லை.

குழுவில் பொய் சொல்ல வேண்டாம். ஒழுக்கத்துக்காகச் சொல்லவில்லை, மாட்டிக்கொள்வீர்கள். நான் இருந்த ஒரு கூட்டத்தில் ஒருவர் பின்னட்டைக் குறிப்பை மட்டும் நம்பி ஒரு நாவலைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். நாயகன் மருத்துவர், மருத்துவரின் மனசாட்சி என்றெல்லாம் சொன்னார். பின்னட்டை எழுதியவரும் படிக்கவில்லை போலிருக்கிறது, நாவலில் அவன் கால்நடை வைத்தியன். மாடு ஒன்று முக்கியமான பாத்திரமாகவே வருகிறது. நானும் இன்னொருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம்.

பேசப் பிடிக்கவில்லை என்றால் பேசாமலும் இருக்கலாம். தானியேல் பெனாக் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் ஆசிரியராகவும் இருந்தவர். 1992ல் அவர் வாசகருக்குப் பத்து உரிமைகளை எழுதிவைத்தார். மூன்றாவது, முடிக்காமல் விடும் உரிமை. நான்காவது, திரும்பப் படிக்கும் உரிமை. பத்தாவது, படித்ததைப் பற்றி வாய் திறக்காமல் இருக்கும் உரிமை. ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் பேசுவேன். "இதுதான் எனக்கு மிகப் பிடித்த புத்தகம்" என்று அறிவித்துவிட்டு அதற்கு வக்காலத்து வாங்க மாட்டேன். அந்த மாடிப்படி வரும் பத்தியை எடுத்து இரண்டு நிமிடம் உரக்கப் படித்துவிட்டு, "இதை 17 வயதிலிருந்து ஐந்து முறை படித்திருக்கிறேன், இந்தத் தடவை நாயகனோடு சண்டை" என்று மட்டும் சொல்வேன். குழுவில் பாதிப் பேர் வீட்டிலும் இப்படி ஒரு புத்தகம் இருக்கும். பேச்சு தானாக ஓடும்.

மகளோடு இதற்காக வாதாட வேண்டாம். 40 படிப்பது அவளுக்குச் சந்தோஷம், படிக்கட்டும். அந்த 40ல் எதை மறுபடி படிக்கத் தோன்றுகிறது என்று மட்டும் கேளுங்கள். ஒன்றைச் சொன்னால் அதை வாங்கிப் படியுங்கள். சொல்லத் தெரியவில்லை என்றால் சும்மா விட்டுவிடுங்கள். உங்களுக்கு 17 வயதில் கிடைத்தது எல்லோருக்கும் அதே வயதில் கிடைக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

கடைசியாக அந்தப் பென்சில் கோடுகள். ஏன் கோடிட்டோம் என்று புரியாமல் போவதற்குப் பரிகாரம் 16ஆம் நூற்றாண்டிலேயே மோந்தேன் என்ற பிரெஞ்சுக் கட்டுரையாளர் கண்டுபிடித்துவிட்டார். சில வருடங்களுக்கு முன் குறிப்பெல்லாம் எழுதிப் படித்த புத்தகத்தையே புதிது என்று நினைத்து எடுத்துவிடும் அளவுக்கு மறதி அவருக்கு. அதனால் புத்தகத்தை முடித்ததும் கடைசியில் தேதியையும், படித்தபோது அதைப் பற்றித் தோன்றியதையும் சுருக்கமாக எழுதிவைத்தார். நீங்களும் நாவலின் கடைசிப் பக்கத்தில் இந்தக் கோடையின் தேதியைப் போட்டு, நாயகனைப் பற்றி இப்போது நினைப்பதை இரண்டு வரி எழுதுங்கள். பழைய கோடுகளை அழிக்காதீர்கள். இந்த முறை பிடித்த வரிகளுக்கு வேறு நிறப் பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆறாவது முறை படிக்கும்போது யார் எதற்குக் கோடிட்டது என்று தெரியும்.

இதெல்லாம் உங்கள் சொந்தப் பிரதியாக இருந்தால்தான். நூலகப் புத்தகம் என்றால், தயவுசெய்து, பென்சிலைக் கீழே வைத்துவிடுங்கள்.